முதல் ரிமோட் விமானம்: தேர்ந்தெடுப்பது, பூட்டுவது, நெல்லைக் காற்றில் விடுவது

என்னுடைய முதல் விமானம் ஆகாயத்தில் இருந்தது நான்கே விநாடி. மானூர் தாண்டி ஒரு தரிசில், ஆனி மாதக் கடைசியில், மேல்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். கையை விட்டுப் போனதும் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினேன். இன்னும் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன். மல்லாந்து, நேராக உடைமரத்துக்குள் போய்ச் செருகிக்கொண்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் தொரட்டியோடு வந்து இறக்கிக் கொடுத்தார். "இதுக்கு எவ்வளவு துட்டு தம்பி?" என்றார். சொன்னேன். கையிலிருந்த இறக்கைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "ரெண்டு கெடாக்குட்டி வாங்கிருக்கலாமே" என்றார்.

வீட்டுக்கு வந்து பேட்டரியை மாட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஏலரான், அதாவது விமானத்தைச் சாய்க்க இறக்கையில் இருக்கும் பலகைகள், இரண்டும் தலைகீழாக வேலை செய்தன. முந்தின ராத்திரி சோதிக்கத்தான் செய்தேன். ஆனால் விமானத்தின் மூக்குக்கு எதிரே உட்கார்ந்து சோதித்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் இடம் வலமாகத் தெரியும். ஆக, அந்த விமானம் விழுந்தது மானூரில் அல்ல, பாளையங்கோட்டையில் என் சாப்பாட்டு மேசையில். அதற்கப்புறம் எத்தனையோ பேருக்கு முதல் விமானம் பூட்டிக் கொடுத்துவிட்டேன். முதல் நாள் விழுந்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான், மேசையிலேயே விழுந்துவிட்டவை. அதனால் இந்த வழிகாட்டியில் பறப்பதைவிட மேசைக்குத்தான் அதிக இடம்.

எந்த விமானம்

பார்க்க அழகாக இருப்பதை வாங்காதீர்கள். சண்டை விமான வடிவங்கள், ஜெட், இறக்கை அடிவயிற்றில் இருப்பவை எல்லாம் மூன்றாவது நான்காவது விமானத்துக்கு. கற்றுக்கொள்வதற்கென்று இருக்கும் விமானத்துக்கு டிரெய்னர் என்று பெயர். அதைக் கண்டுபிடிக்க நான்கு அடையாளம் போதும்.

முதலாவது, இறக்கை உடம்புக்கு மேலே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் விமானத்துக்குக் கொஞ்சம் நிதானம் வரும். இரண்டாவது, இறக்கையின் இரு நுனிகளும் லேசாக மேல்நோக்கி, ஆழமில்லாத 'வி' மாதிரி இருக்க வேண்டும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கும்போது தாழ்ந்த பக்கத்து இறக்கைக்குத் தூக்கல் கூடுகிறது. ஸ்டிக்கை விட்டுவிட்டால் மெல்லத் தானே நிமிர்ந்துகொள்ளும். மூன்றாவது, இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் வளைந்தும் இருக்க வேண்டும். அது மெதுவாகப் பறக்கவிடும். நான்காவது, எடை.

எடையை மட்டும் கணக்குப் போட்டே பார்த்துவிடுங்கள். 120 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலமுள்ள இறக்கையின் பரப்பு 2,400 சதுர செ.மீ., அதாவது 24 சதுர டெசிமீட்டர். பேட்டரியோடு விமானம் 850 கிராம் என்றால் ஒரு சதுர டெசிமீட்டருக்குச் சுமார் 35 கிராம். முதல் விமானத்துக்கு இது 40-ஐத் தாண்டக் கூடாது என்பது என் கட்சி. தாண்டினால் இறங்கும் வேகம் கூடும். யோசிக்க நேரம் கிடைக்காது.

மீட்டருக்கும் குறைந்த குட்டி விமானங்கள் மலிவுதான். ஆனால் சின்னது லேசாகப் பறக்கும் என்று நினைப்பது தப்பு. காற்று அதைக் காகிதம் மாதிரி தூக்கிப் போடும், நூறு மீட்டர் போனதுமே எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. 1.2 முதல் 1.4 மீட்டர் இறக்கை சரியான அளவு.

அடுத்த கேள்வி, மூன்று சேனலா, நான்கா. மூன்று சேனல் என்றால் மோட்டார், எலிவேட்டர், ரட்டர். எலிவேட்டர் என்பது வாலில் படுத்திருக்கும் பலகை, மூக்கை ஏற்றி இறக்கும். ரட்டர் வாலில் நிற்கும் பலகை, இடம் வலம் திருப்பும். நான்காவதாக இறக்கையில் ஏலரான் வந்தால் விமானத்தை நேரடியாகச் சாய்க்கலாம். பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் நான்கிலேயே தொடங்குங்கள். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் தனியாகத்தான் கற்கிறோம். அவர்களுக்கு நான் சொல்வது, மூன்று சேனலில் தொடங்கி, அதே உடம்புக்கு ஏலரான் வைத்த இரண்டாவது இறக்கை ஒன்றைப் பிறகு செய்துகொள்ளுங்கள். ரப்பர் பேண்டால் கட்டும் இறக்கை என்றால் மாற்ற இரண்டு நிமிடம்.

பெட்டியைத் திறந்ததும் பறக்கும் ரெடிமேட் விமானமும் உண்டு, ஃபோம் போர்டில் நீங்களே வெட்டி ஒட்டுவதும் உண்டு. ரெடிமேடில் விசிறி பின்பக்கம் இருக்கும் வகையைப் பாருங்கள். மூக்கு குத்தினாலும் விசிறி உடையாது. வெட்டி ஒட்டுவதற்கு ஃப்ளைட் டெஸ்ட் (Flite Test) என்ற மாதிரி விமானக் குழுவினர் வெளியிட்டிருக்கும் இலவச வரைபடங்கள் நல்ல தொடக்கம். 5 மி.மீ. போர்டு, குளூ கன், கத்தி, ஸ்கேல் இருந்தால் போதும். ரிமோட்டும் சார்ஜரும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் பதினைந்தாயிரத்துக்கும் நடுவில் முடிந்துவிடும். நான் வெட்டி ஒட்டுவதையே சொல்வேன். கையால் செய்தவனுக்கு ஒடிந்தால் எங்கே ஒட்டுவதென்று தெரியும். ஒரே ஒரு குறை, போர்டின் மேல்தாள் ஈரத்துக்கு ஆகாது. மார்கழிப் பனியில் வரப்பில் வைத்துவிட்டால் ஊறிப்போகும். அடிவயிறு முழுக்க பேக்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

ரிமோட், மோட்டார், மற்றவை

ரிமோட் மட்டும் விமானத்தோடு போகாது, பல வருடம் கூடவே இருக்கும். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆறு சேனல் உள்ள ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 பலருக்கும் முதல் ரிமோட். சர்வோவை, அதாவது பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டாரைத் திசை மாற்றுவது, அசைவைக் குறைப்பது, சிக்னல் போனால் மோட்டார் நிற்க வைப்பது எல்லாம் அதில் உண்டு. வாங்கும்போது மோட் 2 என்று கேளுங்கள். இடது ஸ்டிக்கில் மோட்டார் வேகமும் ரட்டரும், வலது ஸ்டிக்கில் எலிவேட்டரும் ஏலரானும் வரும்.

850 கிராம் விமானத்துக்கு 2212 அளவு மோட்டார், 1000 கேவி (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று), 10-க்கு 4.5 அங்குல விசிறி. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த 30 ஆம்பியர் இஎஸ்சி. 9 கிராம் சர்வோ இரண்டு. 3எஸ் 2200 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. இந்த மோட்டாரும் விசிறியும் சேர்ந்து முக்கால் கிலோவை ஒட்டி இழுக்கும். டிரெய்னருக்கு அது தாராளம். விசிறி முன்னால் இருந்தால் அதை ரப்பர் வளையத்தில் பிடிக்கும் ப்ராப் சேவர் போடுங்கள். தரையில் பட்டால் விசிறி மடங்கிக்கொள்ளும். அப்படியும் நாலு விசிறி கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தானே சமநிலைப்படுத்தும் ஜைரோ வைத்த விமானங்கள் வருகின்றன. காற்றுக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் தப்பாகப் பூட்டிய விமானத்தை ஜைரோ காப்பாற்றாது, சில சமயம் இன்னும் வேகமாக விழவைக்கும்.

லிப்போவுக்கு மரியாதை

3எஸ் என்றால் மூன்று செல். ஒவ்வொன்றும் நிறைந்தால் 4.2 வோல்ட், மொத்தம் 12.6. செல் 3.0-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கெட்டுப்போகும். 3.6-க்கு வந்தாலே இறக்கிவிடுங்கள். பேட்டரியில் மாட்டும் சின்ன அலாரம் ஒன்று விற்கிறார்கள். டீ செலவுதான், கட்டாயம் வாங்குங்கள். 2200 எம்ஏஎச் பேட்டரிக்கு சார்ஜ் 2.2 ஆம்பியர், எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில் மட்டும். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் வாக்கில் வைத்திருக்க வேண்டும். முழுக்க ஏற்றி அலமாரியில் வைத்தால் நாளாவட்டத்தில் உப்பும்.

உப்பியதை, அடிபட்டு நசுங்கியதை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். லிப்போ தீப்பிடித்தால் லேசில் அணையாது. நான் சிமெண்ட் தரையில் மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்திலேயே இருந்துதான் ஏற்றுகிறேன். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போகிற வேலையும் வேண்டாம்.

மேசை வேலை

விசிறியைக் கழற்றிவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். நாம் சின்ன வயதில் பிடித்து ஓடிய ஓலைக் காத்தாடி இல்லை இது. நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றை ஒட்டிச் சுற்றும், விரலை எடுத்துவிடும்.

ரிசீவரில் சேனல் 1 ஏலரான், 2 எலிவேட்டர், 3 இஎஸ்சி, 4 ரட்டர். மூன்று சேனல் விமானம் என்றால் ஒரு சின்னத் தந்திரம்: ரட்டர் சர்வோவை 4-இல் மாட்டாமல் 1-இல் மாட்டுங்கள். திருப்புவது வலது கைக்கு வந்துவிடும். பின்னால் ஏலரான் இறக்கைக்கு மாறும்போது கைப்பழக்கம் மாறாது.

எப்போதும் ரிமோட்டை முதலில் போடுங்கள், விமானத்தின் பேட்டரியைப் பிறகு மாட்டுங்கள். அணைக்கும்போது நேர்மாறாக. முதல் தடவை மட்டும் இஎஸ்சிக்கு ரிமோட்டின் அளவைப் பழக்க வேண்டும்: த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேக ஸ்டிக்கை, முழுக்க ஏற்றி வைத்து பேட்டரியை மாட்டி, பீப் கேட்டதும் அடிவரை இறக்குங்கள். இதனால்தான் விசிறியைக் கழற்றச் சொன்னது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றி மாட்டினால் சரியாகிவிடும்.

சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து, ரிமோட்டின் டிரிம் (ஸ்டிக்கின் நடுநிலையை நுணுக்கமாக நகர்த்தும் பொத்தான்) எல்லாம் நடுவில் இருக்கும்போது சர்வோவின் கையை மாட்டுங்கள். சர்வோக் கையும் அதிலிருந்து பலகைக்குப் போகும் கம்பியும் செங்கோணத்தில் நிற்க வேண்டும். பல் பொருந்தாமல் கொஞ்சம் கோணலாக நின்றால், அந்த மிச்சத்தை மட்டும் ரிமோட்டில் சரிசெய்யலாம். கம்பிக்குக் குடைக்கம்பியோ சைக்கிள் ஸ்போக்ஸோ போதும். ஆனால் அழுத்தினால் வளையக் கூடாது. வளைந்தால் நடுவில் ஒரு ஸ்ட்ரா குழாயை வைத்து ஒட்டிவிடுங்கள்.

அசைவு அதிகமாக இருப்பதுதான் புதியவர்களின் இரண்டாவது எமன். எலிவேட்டர் மேலும் கீழும் 10 முதல் 12 மி.மீ., ரட்டர் இருபுறமும் 20 மி.மீ. போதும். கூடுதலாக இருந்தால் கம்பியை சர்வோப் பக்கம் உள்துளைக்கும் பலகைப் பக்கம் வெளித்துளைக்கும் மாற்றுங்கள். ரிமோட்டில் குறைப்பது அதற்கப்புறம். ஸ்டிக்கின் நடுவில் அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போவை ரிமோட்டில் 30 சதவீதம் வைத்தால் நடுவில் கை நடுங்கினாலும் விமானம் நடுங்காது.

இப்போது திசை. விமானத்துக்குப் பின்னால் நில்லுங்கள், வாலைப் பார்த்து. வலது ஸ்டிக்கை உங்கள் வயிற்றுப் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் ரட்டர் வலப்பக்கம் போக வேண்டும். ஏலரான் இருந்தால், ஸ்டிக்கின் தலையில் கட்டைவிரலை நிமிர்த்தி வைத்துச் சாய்த்துப் பாருங்கள். விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து ஏலரான் எழ வேண்டும், மற்றது இறங்க வேண்டும். தப்பாக இருந்தால் ரிமோட்டில் அந்தச் சேனலை ரிவர்ஸ் செய்யுங்கள்.

மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் ஃபெயில்சேஃப் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

அப்புறம் இறக்கை. நுனிகளின் தூக்கலைப் பார்க்க, ஒரு பாதியைத் தரையில் அழுத்திப் பிடியுங்கள். மூன்று சேனல் விமானத்தில் 120 செ.மீ. இறக்கைக்கு மறு நுனி சுமார் 12 செ.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து முறுக்கல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு பாதி முறுக்கியிருந்தால் டிரிம் வைத்துச் சமாளிப்பதைவிட முறுக்கலையே நேராக்குவது மேல். கட்டும்போது ஆறு முதல் எட்டு ரப்பர் பேண்ட், கடைசி இரண்டு குறுக்காக.

எல்லாம் ஏறிய பிறகு, பேட்டரி உட்பட, எடைமையம் பார்க்க வேண்டும். பட்டம் விட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. சூத்திரம் கட்டும்போது முடிச்சு அரை விரல் தள்ளிப்போனால் பட்டம் குத்தும் அல்லது மல்லாக்கும் அல்லவா, அதேதான். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்தில் மையம் விழ வேண்டும். 20 செ.மீ. அகலத்துக்கு 5 முதல் 6 செ.மீ. அந்த இடத்தில் இறக்கையின் அடியில் இருபுறமும் பேனாவால் கோடு போட்டு, இரண்டு ஆள்காட்டி விரல் நுனியில் விமானத்தைத் தூக்குங்கள். சமமாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு லேசாகத் தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். மூக்கு கனத்த விமானம் அசமந்தமாகவாவது பறக்கும். வால் கனத்தது ஒரே ஒரு தடவைதான் பறக்கும். சரியான இடம் கிடைத்ததும் பேட்டரியின் இடத்தை மார்க்கரால் வரைந்துவிடுங்கள், களத்தில் அவசரத்தில் மாறாமலிருக்க.

மோட்டார் முன்னால் இருந்தால் அது இரண்டு மூன்று டிகிரி கீழேயும் வலப்பக்கமும் பார்த்திருக்க வேண்டும். வாஷர் வைத்தே செய்துவிடலாம். இல்லாவிட்டால் த்ராட்டில் கூட்டும்போதெல்லாம் மூக்கு எகிறி இடப்பக்கம் இழுக்கும். கடைசியாக விசிறியை மாட்டுங்கள், எழுத்து இருக்கும் பக்கம் முன்னோக்கி.

இடையில் பிகாசிம் என்ற இலவச சிமுலேட்டரில் தினம் கால் மணி நேரம் ஓட்டுங்கள். விமானம் உங்களைப் பார்த்து வரும்போது இடம் வலம் மாறும் குழப்பம் அங்கேயே தீரட்டும். அப்படி எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அதற்கு முட்டுக் கொடுப்பதுபோல் அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளினால் விமானம் நிமிரும். யோசிக்காமல் கை இதைச் செய்யும்வரை களத்துக்குப் போக வேண்டாம்.

களமும் காற்றும்

வைகாசி கடைசியில் தொடங்கும் மேல்காற்று புரட்டாசி வரை விடாது. குற்றாலத்துக்குச் சாரல், நமக்கு மண்வாரித் தூற்றல். அந்த நாலு மாதம் வெட்டி ஒட்டுவதற்கு. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மாசி, பங்குனிதான் நம் காலம். பிசானம் அறுவடை முடிந்து வயலெல்லாம் அறுத்த நெல்தாளாகக் கிடக்கும். விழுந்தால் மெத்தை மாதிரி தாங்கும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, காலை ஆறிலிருந்து எட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மின்கம்பி, சாலை, வீடு எதுவும் இருநூறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது.

பனை ஓலை சலசலத்தால் பெட்டியைத் திறக்காதீர்கள். வள்ளியூர், பணகுடி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல கருவி இருக்கிறது, காற்றாலை. அது சுற்றத் தொடங்கவே நொடிக்கு 3 முதல் 4 மீட்டர், அதாவது மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில் காற்று வேண்டும். உயரத்தில் காற்று கூடுதலாகவே இருக்கும். அங்கே எல்லாம் சும்மா நின்றால் கீழே அநேகமாக அமைதி. அதற்காகக் காற்றாலைக்குப் பக்கத்தில் போய் விடாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021-இன் டிரோன் விதிகளுக்குள் நம் விமானமும் வருகிறது. பொழுதுபோக்குக்காகக் கண்ணெதிரே விடும், 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானத்துக்கு வகைச்சான்று (டைப் சர்டிஃபிகேட்) வேண்டியதில்லை. ஆனால் எங்கே விடுகிறோம் என்பது முக்கியம். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா என்று பாருங்கள். பச்சையில் 400 அடி வரை அனுமதி. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான். நம் மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படை நிலையம் மூன்றும் இருக்கின்றன, கிழக்கே வாகைக்குளம் விமான நிலையம். அந்தப் பக்கங்களில் விளையாட்டே வேண்டாம். கூந்தன்குளம் போலப் பறவை கூடு கட்டும் குளங்களையும் விட்டுவிடுங்கள்.

முதல் காலை

களத்தில் மறுபடி திசை பார்க்க வேண்டும், பின்னால் நின்று. கூட வந்தவர் விமானத்தைப் பிடித்திருக்க, நீங்கள் எழுபது தப்படி தள்ளிப் போய் ஸ்டிக்கை அசையுங்கள். சர்வோ திக்கினால் அன்றைக்குப் பறப்பதில்லை.

முதலில் மோட்டார் இல்லாமல், காற்றை எதிர்த்து, தொடுவானத்தைப் பார்த்து மட்டமாக எறியுங்கள். பத்துப் பதினைந்து மீட்டர் மிதந்து போய்த் தாளில் உட்கார்ந்தால் எடைமையம் சரி. எகிறி நின்று விழுந்தால் வால் கனம்.

அப்புறம் த்ராட்டில் முக்கால். எறிபவர் மேலே எறியக் கூடாது, மட்டமாகத்தான். என் அக்கா மகன் ராக்கெட் விடுவதுபோல் எறிந்து இரண்டு விசிறியை முடித்தான். போனதும் எதையும் திருப்பாதீர்கள், இரண்டு பனை உயரம் ஏறட்டும். பின்பு த்ராட்டிலைப் பாதிக்குக் குறைத்து, எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிராக டிரிம்மை ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். விமானம் எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்கட்டும். பின்பக்கம் போனால் திரும்பி வரப் பாடுபடும். திருப்பம் எல்லாம் அகலமாக. பருந்து வந்து வட்டமிட்டால் இறக்கிவிடுங்கள், அது அவர் இடம்.

ரிமோட்டில் டைமர் ஏழு நிமிடம். அடித்ததும் காற்றுக்கு எதிராகத் திருப்பி, உயரத்தை மெல்ல விட்டு, வயல் நிச்சயம் என்றானதும் த்ராட்டிலை முழுக்க இறக்குங்கள். மூக்கு தாழ்கிறதே என்று பயந்து இழுக்காதீர்கள். வேகம் செத்த விமானத்தை இழுத்தால் இறக்கை தூக்கலை இழந்து ஒருபக்கமாகக் குப்புற விழும். முழங்கால் உயரத்தில் மட்டும் ஒரு துளி இழுங்கள். உங்கள் காலடிக்கே கொண்டுவர வேண்டுமென்ற ஆசை வேண்டாம். நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாம்.

விழுந்தால் முதலில் த்ராட்டிலை இறக்கி, ஓடிப்போய் பேட்டரியைக் கழற்றுங்கள். ஃபோம் போர்டு ஒடிந்தால் குளூ கன், மேலே டேப், அரைமணி நேரத்தில் தயார். ஒட்டிய பிறகு எடைமையத்தை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு ஒட்டும் எடைதான். உடைப்பு அடிக்கடி வாலிலேயே வந்தால் பிசினைக் குறைத்துப் போடுங்கள். வாலில் ஏறும் ஒரு கிராமைச் சரிக்கட்ட மூக்கில் இரண்டு மூன்று கிராம் தேவைப்படும்.

இருபது தடவை சேதமில்லாமல் இறக்கிய பிறகு ஏலரான் இறக்கையைக் கட்டலாம். நான் கட்டிய அன்று அக்கா மகன்தான் விமானத்தைப் பிடித்திருந்தான். எறிவதற்குக் கையை ஓங்கியவன் அப்படியே நிறுத்தினான். "மாமா, நீங்க வலது பக்கம் சாய்ச்சா இது இடதுல்லா போவுது!" கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. சேனலை ரிவர்ஸ் செய்துவிட்டு எறியச் சொன்னேன்.